அறுபத்தோராவது பிள்ளை

மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளுக்குத் தனியார் பள்ளியில் குலுக்கலில் எல்.கே.ஜி. இடம் கிடைத்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு. கட்டணம் அரசின் பொறுப்பு. "தப்பிச்சிட்டாடா" என்றாள் அக்கா. நானும் லட்டு தின்றேன்.

பிறகுதான் 2009ஆம் ஆண்டின் அதே சட்டத்தின் அட்டவணையைப் படித்தேன். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. ஒரு பிள்ளை விலகினாலே மிச்சமுள்ள அறுபது பேரும் ஓர் ஆசிரியரை இழக்கலாம்.

அக்காவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர்ப் பள்ளியைக் காப்பாற்றத் தன் பிள்ளையைப் பணயம் வைக்க எந்தத் தாயும் கடமைப்பட்டவள் இல்லை. ஆனால் அரசுக்கு எல்லாருமே பிள்ளைகள்தானே? "தப்பிச்சிட்டா" என்று தாய் சொல்லலாம். அரசே பணம் கட்டி அதைச் சொன்னால், குலுக்கலில் பெயர் வராத பிள்ளை எங்கே போகும்?