ஏவலாற் செய்யுந் தொண்டு புண்ணியமாமோ?

சரியை முதலிய நாற்பாதங்களுள் முதற்கண் வைத்தெண்ணப்படுவது சரியை. திருக்கோயிலில் அலகிடுதல், மெழுகிடுதல், நந்தனவனம் வைத்தல், திருக்குளந் தூர்வாருதல் முதலாயின அதன்பாற்படும் என்பது நம்மனோர் யாவரும் அறிந்ததே. இவற்றை ஒருவன் தானே விரும்பிச் செய்வான் என்று கொண்டே நூல்கள் பேசுகின்றன. மற்று, பிறனொருவன் ஏவ, மாதச் சம்பளத்துக்கு ஆட்பட்டவனாய், உடன்வேலை செய்வார் ஐம்பதின்மரோடு கூடி ஒருவன் அச்செயலைச் செய்வானாயின், அஃது எவ்வகைத்து? தொண்டோ, கூலியோ, இரண்டும் அல்லாத பிறிதொன்றோ? இவ்வையம் அண்மையில் என் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தமையின் இதனை ஈண்டு ஆராயப் புகுந்தேன்.

நிகழ்ந்தது இது. குழித்துறையை அடுத்த சிற்றூரொன்றில் ஒரு சிவாலயம் உண்டு. 2021-ஆம் ஆண்டு நவம்பர்ப் பெருமழையில் நம் தாமிரபரணி கரைபுரண்டபோது அவ்வாலயத் திருக்குளத்திற் புகுந்த வண்டல், படித்துறையின் கீழ்ப்படிகளை மூடிக் கிடந்தது. மேலே ஆகாயத்தாமரை அடர்ந்துவிட்டது. அதனைத் தூய்மை செய்வதற்கென ஒரு சனிக்கிழமையன்று வெளியூர்த் தொழில்நிலையம் ஒன்றிலிருந்து மேலாளர் முதல் கடைநிலை ஏவலர் ஈறாக ஒரே நிறச் சட்டை அணிந்து வந்திறங்கினர். பதாகை கட்டினர், படம் எடுத்தனர், பின்னரே குளத்தில் இறங்கினர். எள்ளற்பொருட்டு இதனைக் கூறினேனல்லேன். நண்பகல் வெயிலில் அவர்கள் செய்த வேலை மெய்யான வேலையே. எங்கள் பக்கத்தார் கடவம் என்று சொல்லும் ஓலைக்கூடையில் சேற்றை அள்ளிக் கைமாற்றிக் கைமாற்றிக் கரையேற்றினர்.

முன்னாளில் என்பால் நன்னூலும் சிவப்பிரகாசமும் பாடங்கேட்ட ஒருவர் அக்கூட்டத்தில் இருந்தார். மாலையில் காற்சேறு உலராத நிலையிலேயே வந்தமர்ந்து, "ஐயா, இன்று வாராதிருந்தால் என் பெயரைக் குறித்து வைப்பார்கள், அதனால்தான் வந்தேன். குளத்தில் நின்ற ஐந்து நாழிகையும் சிவனை நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். எப்பொழுது முடியும் என்பதையே நினைத்தேன். இது சிவபுண்ணியத்திற் சேருமா?" என்று வினவினார். மெய்யை மறையாது சொன்ன அவர்க்கு உடனே விடையிறுக்க என்னால் இயலவில்லை.

இவ்வழக்கம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. உடன்பணி செய்வார் ஒருங்குகூடி ஊர்ப்பணி செய்தற்கு அண்மைக்காலத்துச் சிறந்த எடுத்துக்காட்டு ஈழத்தில் உளது. 1958-இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆரியரத்தினா என்பார், உடனாசிரியரையும் மாணாக்கரையும் கூட்டிக்கொண்டு, தாழ்த்தப்பட்டு ஒதுக்குண்ட மக்கள் வாழ்ந்த கனத்தொளுவ என்னும் சிற்றூர்க்குச் சென்று உடலுழைப்பு நல்கினார். அதிலிருந்து கிளைத்த இயக்கத்தாலேயே சிரமதானம் என்னுஞ் சொல் அந்நாட்டில் வீடுதோறும் வழங்கலாயிற்று. அவர் புத்தசமயத்தினர், எனினும் அச்சொல் நமக்கும் உரியதே. நம் நாட்டில் இவ்வழக்கத்துக்கு ஊக்கமளித்தது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். அதன் 135-ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுவரவு 1000 கோடியோ, நிகர இலாபம் 5 கோடியோ எட்டிய நிறுவனம் ஒவ்வொன்றும், முந்திய மூவாண்டின் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கினைப் பொதுநலப் பணிக்குச் செலவிடல் வேண்டும் என விதித்தது. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. இச்சட்டம் பற்றி 2021-இல் நடுவண் அரசின் அமைச்சகம் வெளியிட்ட வினாவிடையில், பணியாளர் இத்தகைய பணிகளில் ஈடுபடுதல் ஊக்கத்தக்கதே ஆயினும், அவர்தம் இலவச உழைப்பைப் பணமாக விலைமதித்து அந்த 2 பங்கிற் கணக்கெழுதுதல் கூடாது என்று கூறப்பட்டுள்ளது. சட்டம் எழுதுவோர் சித்தாந்தம் பயின்றாரல்லர்; ஆயினும் தொண்டுக்கு விலையிடலாகாது என்னும் எல்லையில் வந்து நின்றுவிட்டனர்.

இனி ஆராய்வாம். தானம் என்பது தன்னுடைமையைப் பிறர்க்கு உரித்தாக்கல். எனவே கொடுக்கும் பொருள் கொடுப்பானுக்கு உரியதாதல் முதற்கண் வேண்டும். சிரமதானத்திற் கொடுக்கப்படும் பொருள் உழைப்பு. வேலைநாளில் ஒருவனது உழைப்பு யாருக்கு உரியது? சம்பளம் பேசியவிடத்தே அதனை அவன் விற்றுவிட்டான். ஆகவே வேலைநாளில் அவனைக் குளத்துக்கு அனுப்புங்கால் உழைப்பைக் கொடுப்பவன் முதலாளியே. பணியாளன் அதனைச் சுமந்து வந்தவனே.

அற்றேல், அப்பணியாளனுக்குக் கொடுப்பதற்கென்று ஒன்றுமில்லையோ எனின், உண்டு. கையை விற்றவன் கருத்தை விற்றானல்லன். மண்வெட்டி எந்நேரம் எங்கே விழவேண்டும் என்பதை மேலாளன் ஏவலாம். உள்ளம் எத்திசை நோக்கவேண்டும் என்பதை ஏவ ஒருவர்க்கும் உரிமையில்லை. திருமேனி தீண்டிப் பூசை செய்யும் ஆதிசைவரும் வாழ்க்கைக்குரிய படித்தரம் பெற்றே அத்தொழில் செய்வர். செய்தும், முப்போதுந் திருமேனி தீண்டுவார் எனத் திருத்தொண்டத்தொகையில் இடம்பெற்றனர். திருவீழிமிழலையில் வற்கடம் வந்தபோது இறைவனே நாடோறும் காசு அளித்தான் என்பது பெரியபுராணம். ஆளுடைய பிள்ளையார் பெற்ற காசுக்கு மாற்றுமிடத்தில் வாசி கழிந்தது. அப்பரடிகள் பெற்றதற்கு வாசி இல்லை. அவர் கைத்தொண்டு செய்பவராதலின். காசு கைப்பட்டமையால் அப்பரடிகளது உழவாரம் கூலிக்கருவி ஆகிவிடவில்லை. அக்காசும் அடியார்க்கு அமுதூட்டச் சென்றது. ஆதலின் ஊதியம் பெற்றான் என்பது பற்றியே ஒரு செயல் தொண்டாகாதொழியும் என்பார் கூற்றுப் பொருந்தாது.

மாணாக்கர் வினா இன்னும் நிற்கிறது. அவர் கருத்தும் சிவனை நோக்கவில்லையே? இதற்கும் நம் ஆசிரியர்கள் இடம் வைத்துள்ளனர். சிவபுண்ணியம் புத்திபூர்வம் எனவும் அபுத்திபூர்வம் எனவும் இருதிறப்படும். அறியாது செய்ததும் வீண்போகாது. திருமறைக்காட்டில் விளக்கின் நெய்யை உண்ணப் போன எலி, மூக்காற் திரியைத் தூண்டிவிட, அவியவிருந்த சுடர் ஓங்கி எரிந்தது. அவ்வெலியே பின்பு மாவலியாகப் பிறந்து மூவுலகாண்டது. ஓணந்தோறும் அம்மாவலியை வரவேற்கும் மலைநாட்டின் விளிம்பில் வாழும் நமக்கு இவ்வரலாறு நெருங்கிய உறவுடையது. எலி நெய்க்குப் போயிற்று. சம்பளத்துக்கு என்று சொன்னாலும் ஒக்கும். விளக்குத் தூண்டப்பட்டது மெய். பயன் விளைந்ததும் மெய். ஆனால் விளைந்த பயன் யாது? அரசபோகம். அப்போகத்திற் செருக்கு முளைத்தது. அச்செருக்கை அடக்க மூன்றடி மண் கேட்டு ஒருவர் வரவேண்டியதாயிற்று. அபுத்திபூர்வம் வாயில் மட்டுமே, அறிந்து செய்தற்கு அது பக்குவந் தரும், அவ்வளவே.

எலிக்கும் நம்மவர்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. எலி தன் செயலுக்குச் சான்றிதழ் பெறவில்லை. நெஞ்சிற் கருத்தின்றிச் செய்த செயலுக்குப் படமும் பாராட்டும் பெற்று, 'யான் செய்தேன்' என்னுஞ் செருக்கை ஏற்றிக்கொள்வானாயின், அறியாமையால் வந்த சிறு நன்மையையும் ஆணவத்துக்கு உணவாக்கினவன் ஆவான். என் மாணாக்கர் தம் படத்தைக் காட்டாது தம் நெஞ்சைக் காட்டினார். அவர்க்கு அந்நாள் வீணாகவில்லை என்றே எண்ணுகிறேன்.

இனி, இதுகாறும் கூறியன வேலைநாளுக்கு. மேற்சொன்ன சனிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை நாள். கடவம் சுமந்த பெண்மணியொருவர், கைக்குழந்தையை அண்டை வீட்டில் விட்டு வந்ததாகக் கோயில் அலகிடும் மூதாட்டியிடம் சொல்லிக் கண்கலங்கினார் எனப் பின்னர்க் கேள்வியுற்றேன். விடுமுறை நாளின் உழைப்பை முதலாளி விலைக்குக் கொள்ளவில்லை. அது பணியாளனுக்கே உரியது. அதனை அவனாகக் கொடுப்பின் அதைவிடத் தூய தானம் வேறில்லை. வாராதார் பெயரைக் குறிப்பேம் என அச்சுறுத்தி வாங்கிக் கொடுப்பின், பிறனுடைமையைக் கவர்ந்து அறஞ்செய்ததாக முடியும். களவுப்பொருளாற் செய்த திருப்பணியை எந்த ஆகமமும் ஏற்குமென்று நான் அறிந்ததில்லை.

நம் திருவிதாங்கூர்ப் பகுதிக்கு இது புதிதன்று. ஊழியம் என்னும் பெயரால், கூலியின்றி அரசுக்கும் கோயில் முதலியவற்றுக்கும் உழைக்கும்படி எளிய குடிகள் கட்டாயப்படுத்தப்பட்ட காலம் இருந்தது. அவ்வாறு உழைத்த குலத்தவர் பலர்க்கு அக்கோயிலுட் புகும் உரிமை 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப்பிரவேசப் பிரகடனம் வரும்வரை இல்லை. சாமித்தோப்பு வைகுண்டசாமி அவ்வூழியத்தை எதிர்த்துப் பேசியமை இந்நாட்டார் மறவாதது. சைவர்களாகிய நாம் இதனைச் சொல்ல நாணுதல் கூடாது; சொல்லாதிருக்கவே நாணுதல் வேண்டும். அவர் சுமந்தது சிவாலயத்துக்கே எனினும், அச்சுமையைச் சிவபுண்ணியம் என்று ஏவினவர் கணக்கில் எழுதிக்கொள்ள வழியுண்டோ? குடிமராமத்தும் கட்டாயமுடையதே, அதனைச் செய்யாதாரை ஒறுக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே செய்யப்பட்டது. ஆயினும் அதன்கண் மண் சுமந்தவன் வயலுக்கே அந்நீர் பாய்ந்தது. ஊழியத்தில் சுமப்பவன் ஒருவன், குளிப்பவன் மற்றொருவன்.

மதுரையில் வையை பெருகியபோது அரசன் கரையை அளந்து குடிதோறும் பங்கிட்டான். பிட்டு விற்கும் வந்திக்கு ஆளில்லை என்பதை அளந்த அதிகாரிகள் எண்ணிலர். அளவு மட்டும் தவறாதிருந்தது. இறைவன் உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாளாய் வந்தான். வந்தும் ஒழுங்காக வேலை செய்தானல்லன். உண்டான், ஆடினான், உறங்கினான். அரசன் ஓங்கிய பிரம்பின் அடி எல்லா உயிர் மேலும் பட்டது. அரசன் முதுகும் அதற்கு விலக்கன்று. இத்திருவிளையாடலைச் சொல்வார் பிட்டின் சுவையையும் இறைவன் எளிமையையும் விரித்து, ஆளில்லாதவளுக்கு ஆளெண்ணிப் பங்கிட்ட பிழையை விட்டுவிடுகின்றனர். கைக்குழந்தையுடையாளை எண்ணாது பெயர்ப்பட்டியல் இடும் மேலாளர் வையைக்கரை அதிகாரியின் வழித்தோன்றலே.

ஐம்பதின்மர் கூடிச் செய்தமையால் ஐம்பது மடங்கு புண்ணியம் என்றோ, நிறுவனத்துக்கே புண்ணியம் என்றோ கூறுவாரும் உளர். நிறுவனம் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு நபர்; ஆணவமும் இல்லை, கன்மமும் இல்லை, உண்டு கழிக்க உடம்பும் இல்லை. வினை உயிர்தோறும் வேறு. குழு என்பது எண்ணே அன்றி உயிரன்று. அங்ஙனமாயின் தொகையடியார் ஒன்பதின்மரைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் கூட்டமாகவே போற்றியது என்னையெனின், அக்கூட்டத்தில் ஒவ்வொருவர் நோக்கும் ஒன்றன்மேலேயே நின்றமையின் என்க. ஒரே நிறச் சட்டை அதனைத் தாராது.

ஆயினும் கூட்டத்தினால் வரும் ஒரு நன்மையை அன்று கண்டேன், மறைத்தல் தகாது. ஆகாயத்தாமரையை இலையைப் பற்றி இழுத்து இழுத்து மேலாளர் இளைத்தார். அவருடைய அலுவலகத்தில் தேநீர் கொணரும் ஏவலர், ஆற்றங்கரையிற் பிறந்தவர் போலும், "சாரே, வேரோடு சுருட்டி அடியிலே பிடிக்கணும்" என்று கைபிடித்துக் காட்டினார். மேலாளர் அவர் சொற்படி செய்தார். பிறகு அரை நாள் முழுதும் அவரையே நோக்கி நோக்கிச் செய்தார். அலுவலகத்தில் இது நிகழாது. அடியாரோடு இணங்குக எனச் சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்த இணக்கம் இதுவென்று துணிந்து கூறேன். அதன் நிழல் சேற்றில் விழுந்தது என்னும் அளவிற் கூறுவேன்.

என் மாணாக்கர்க்கு இவற்றையே சுருக்கிச் சொன்னேன். அவர், "அப்படியானால் மேலாளருக்கு?" என்று கேட்டார். செய்தான், செய்வித்தான், உடன்பட்டான் என மூவர்க்கும் வினை உண்டு என்பது நூல்வழக்கு. குளந் தூயதாயிற்று; அதனைச் செய்வித்தவர் அவர். அழுத பெண்ணின் வருத்தத்தைச் செய்வித்தவரும் அவரே. இவ்விரண்டும் தனித்தனியே நின்று பயன்தருமோ, ஒன்று மற்றொன்றைக் கழிக்குமோ என்பதில் எனக்கு இன்னுந் துணிவு பிறக்கவில்லை. ஆதீனப் புலவர்கள் இதனை ஆய்ந்து இவ்விதழிலேயே எழுதுவார்களாயின் அம்மாணாக்கரிடம் கொண்டு சேர்ப்பேன். குளத்தில் ஆகாயத்தாமரை மீண்டும் படரத் தொடங்கிவிட்டது. அலகிடும் மூதாட்டி நாடோறும் தம் கைக்கெட்டியமட்டும் பறித்துக் கரையிலிடுகிறார்.