தெரிந்தவனின் மௌனம்

ஒரு பொருளை அடையாளம் காண்பது அறிவு சம்பந்தப்பட்ட காரியம் என்றே நினைத்து வந்திருக்கிறோம். அது ஒழுக்கம் சம்பந்தப்பட்டதும்கூட என்பது பழைய சாமான்கள் விற்கிற இடத்தில்தான் தெளிவாகிறது. லண்டனில், தேம்ஸ் நதிக்குத் தெற்கே, பெர்மாண்ட்ஸியில் வெள்ளிக்கிழமை விடிகாலையில் கூடும் சந்தையை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயச் சட்டத்தில் பழைய விதி ஒன்று இருந்தது: பகிரங்கச் சந்தையில், சூரியன் உதித்து மறைவதற்குள், நல்லெண்ணத்தோடு வாங்கிய பொருள் திருட்டுப் பொருளாகவே இருந்தாலும் வாங்கியவனுக்கே சொந்தம். இதே சந்தையில் திருட்டுப்போன கிளைவிளக்கு ஜோடி ஒன்றை வாங்கியவர், சூரிய உதயத்துக்கு முன்பு வாங்கிவிட்டார் என்பதால், 1973இல் வழக்கில் தோற்றார். 1994இல் இயற்றிய சட்டம் இந்த விதியையே நீக்கியது. வெளிச்சத்தில் நடப்பது நேர்மையானது என்ற நம்பிக்கை அந்த விதிக்குள் இருந்தது. ஒருவன் மண்டைக்குள் மட்டும் எரிகிற வெளிச்சத்தைப் பற்றி அதற்குச் சொல்ல ஏதுமில்லை.

மேசைமீது கிடக்கும் கறுத்த கரண்டிக் குவியலில் பெரும்பாலானவை வெள்ளியல்ல. 1840க்குப் பிறகு மின்முலாம் பரவி, நிக்கல் கலவைமீது மெல்லிய வெள்ளி பூசிய சாமான்கள் வீடுகளில் புகுந்தன. அவற்றிலும் முத்திரைகள் உண்டு. நான்கு எழுத்துகளை நான்கு சின்னக் கட்டங்களுக்குள் அடித்து, மேலோட்டமாகப் பார்ப்பவனுக்கு அசல் வரிசையென்று தோன்றச் செய்திருப்பார்கள். இங்கிலாந்தின் அசல் வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருக்கும்: 1000 பங்கில் 925 வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டனைச் சொல்லும். ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். 1784க்கும் 1890க்கும் இடையில் செய்ததென்றால் அரசன் அல்லது அரசியின் தலை, வரி கட்டியாயிற்று என்று சொல்லும். இதைப் படிக்க ரசனை வேண்டாம். சட்டைப்பைக்குள் அடங்கும் அட்டவணைப் புத்தகம் போதும்.

ஆனால் முத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 18ஆம் நூற்றாண்டுச் சிறு கரண்டி ஒன்று. கிண்ணம் முழுவதும் துளைகள், மெல்லிய நீண்ட காம்பு, காம்பின் நுனி கூரான முள். பெரும்பாலும் சிங்கமும் செய்தவன் எழுத்துகளும் மட்டும் அடித்திருக்கும். ஆண்டைச் சொல்லும் எழுத்து இராது. சேகரிப்பவர்கள் இதை ஆலிவ் கரண்டி என்றிருக்கிறார்கள், மல்பெரிப் பழக் கரண்டி என்றிருக்கிறார்கள். கோப்பையில் மிதக்கும் தேயிலைத் துணுக்குகளைத் துளைக் கிண்ணத்தால் அள்ளவும், தேநீர்க் கெண்டியின் மூக்குக்குள் அடைத்துக்கொண்ட இலையை முள்ளால் குத்தி விலக்கவும் ஏற்பட்டது என்பதே இப்போது பொதுவாக ஒப்புக்கொள்ளும் விளக்கம். இதைக் கண்டுகொள்ள அட்டவணை உதவாது. என்றோ ஒரு கை இதை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். முதல் வகை அறிவு வாசிப்பு, இரண்டாவது, புரிந்துகொள்ளுதல்.

நம் தத்துவவாதிகளுக்கு வெள்ளி பழகிய உதாரணம். பளபளக்கும் சிப்பியைப் பார்த்து வெள்ளியென்று குனிகிறவனுக்கு அந்தப் பிழை எப்படி நேர்கிறது என்பதில் அவர்கள் விடாமல் வாதிட்டார்கள். வேறெங்கோ கண்ட வெள்ளி இங்கே வந்து தோன்றுகிறது என்றான் நையாயிகன். காண்பதற்கும் நினைவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காணத் தவறியதைத் தவிரத் தனியாகப் பிழை என்று எதுவுமில்லை என்றது பிரபாகர மதம். அத்வைதிக்கோ, அந்த வெள்ளியை உண்டு என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது: பிழை செய்பவன் நேர்மையானவன். அவனுக்கு வெள்ளியாகத் தெரிகிறது, குனிகிறான்.

பெர்மாண்ட்ஸியில் இது தலைகீழாகிறது. தேயிலை விலையேறிய சரக்காக இருந்தபோது அதைப் பூட்டு வைத்த பெட்டியில் காத்தார்கள். பெட்டியிலிருந்து அளந்தெடுக்கச் செய்த குட்டைக் கரண்டிகளில் பலவற்றுக்குச் சிப்பி வடிவம். வாங்க வந்தவன் அப்படியொன்றைக் குவியலில் கண்டுகொள்கிறான். உடனே பக்கத்திலிருக்கும் நசுங்கிய பால் குவளையை எடுக்கிறான். அதற்கு விலை கேட்கிறான். முகத்தைச் சுளிக்கிறான். கடைசியில், போகிறபோக்கில், இந்தச் சிப்பியையும் சேர்த்து என்ன விலை என்கிறான். வெள்ளியை வெள்ளியென்று அறிந்தவன் வெறும் சிப்பியைக் கண்டவன்போல நடந்துகொள்கிறான். பிரமை கொண்டவனாக நடிப்பது என்ற இந்த வகைக்கு அந்தப் பழைய வாதங்களில் இடமில்லை.

பஞ்சத்தில் தவிக்கும் ரோட்ஸ் தீவுக்குத் தானியக் கப்பலோடு முதலில் வந்து சேர்கிறான் ஒரு வியாபாரி. பின்னால் வேறு கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். சொல்லவேண்டுமா? கடமைகளைப் பற்றிய தன் நூலில் சிஸெரோ இதை எழுப்புகிறார். சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், தெரிந்ததையெல்லாம் சொல்லக் கடமையில்லை என்பது பாபிலோனிய டயோஜெனீஸின் கட்சி. சொல்லியாக வேண்டும் என்பது அவர் மாணவர் ஆன்டிபேட்டரின் கட்சி. சிஸெரோ மாணவர் பக்கம் நின்று ஒரு வரம்பு இடுகிறார். பேசாமலிருப்பதெல்லாம் மறைப்பதாகாது, தெரிந்துகொள்ள வேண்டியவனுக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று தன் லாபத்துக்காக ஒருவன் விரும்பும்போது அது மறைப்பது ஆகிறது.

அங்கே பேசாதவன் விற்பவன், இங்கே வாங்குபவன். டயோஜெனீஸ் கட்சிக்காரன் சொல்லக்கூடியது பலமானதுதான்: இதைக் கற்க 20 வருஷம் செலவிட்டேன், அதற்குக் கூலி வேண்டாமா? விற்பவனும் தொழில்காரன்தானே, அவன் ஏன் கற்கவில்லை? சிங்க முத்திரையைப் பொறுத்தவரை இந்த வாதம் செல்லும். தெரியாதவன் தெரிந்தவனை நம்பவேண்டிய அவசியம் இல்லாமல் இருப்பதற்காகவே முத்திரை ஏற்பட்டது. அது எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கிறது. துளைக்கரண்டிக்கு வாதம் பொருந்தவில்லை. அதன் அர்த்தம் அதன்மேல் எழுதியில்லை. ஒருவன் மனத்தில் மட்டுமே இருக்கிறது. உழைப்பின் உரிமை இங்கே அதிகம் என்பது உண்மை. எதிரில் நிற்பவனின் நிராதரவும் இங்கேதான் அதிகம். இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிறப்பதால், ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளுபடி செய்யமுடியாது.

மௌனத்துக்கு ஓரளவு இடமுண்டு, நடிப்புக்கு இல்லை என்று எனக்குப் படுகிறது. எங்கே மௌனம் முடிந்து நடிப்புத் தொடங்குகிறது என்பதைச் சோதிக்க வழி உண்டு. பணத்தைக் கொடுத்த பிறகு, அதே மேசைமுன் நின்று, இது இன்னது, இதற்காகச் செய்தது என்று விற்றவனிடம் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது வியாபாரம். சொல்லாமல் வேகமாக நகர்ந்துவிடத் தோன்றுகிறது என்றால், எந்த வகையான மௌனம் அது என்பது அவனுக்கே தெரிந்திருக்கிறது.

இது வெள்ளி சேகரிப்பவர்களின் பிரச்னை மட்டுமல்ல. எழுத்திலும் முத்திரை படித்துத் தரம் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களால் பெரிய கேடு இல்லை, அட்டவணை மாறினால் அவர்களும் மாறுவார்கள். புரிந்துகொள்ளத் தெரிந்தவனைப் பற்றித்தான் யோசிக்கவேண்டியிருக்கிறது. முத்திரை இல்லாத ஒருவனின் கவிதையில் வெள்ளியைக் கண்டுகொண்ட பிறகும், பக்கத்திலிருக்கும் நசுங்கிய குவளையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் விமர்சகன் எந்த விலையை மிச்சம் பிடிக்கிறான்?