கை வேண்டும், ஆள் வேண்டாமா?



"நம்ம பசங்க யாரும் இந்த வேலைக்கு வர்றதில்ல தம்பி. வந்தாலும் ரெண்டு மாசம் தாங்கறதில்ல." முடிதிருத்தும் நிலையத்திலோ, வாழை இலை உணவகத்திலோ, நகைக்கடையிலோ முதலாளியிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த வசனம் கட்டாயம் வரும். கொஞ்ச நேரம் போனால் அதே வாய் இன்னொன்றும் சொல்லும்: "எங்க பார்த்தாலும் வங்காளதேசியும் இந்தோனேசியாக்காரனும்தான். நாடே அவங்க கையில போயிடும் போல." ஆள் இல்லையே என்ற கவலையும், ஆள் வந்துவிட்டானே என்ற எரிச்சலும் ஒரே மனத்தில் குடியிருக்கின்றன. நம்மில் பலருக்கும் இப்படித்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. 1970இல் மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள். 2022இல் அது 1.6. மக்கள் தொகை சரியாமல் நிற்க 2.1 வேண்டும். இந்தியக் குடும்பங்களில் இந்த எண்ணிக்கை நாட்டுச் சராசரியையும் விடக் குறைவு. பாட்டியோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், உங்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணுங்கள், விஷயம் புரிந்துவிடும். 2030 வாக்கில் நாட்டு மக்களில் சுமார் 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தொட்டவர்களாகவோ தாண்டியவர்களாகவோ இருப்பார்கள் என்று கணித்திருக்கிறார்கள்.

பக்கத்து வீடான சிங்கப்பூர் இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போகிறது. 1970களில் 'இரண்டு போதும்' என்று பிரசாரம் செய்த நாடு, 1987இல் 'மூன்று, வசதியிருந்தால் அதற்கு மேலும்' என்று மாற்றிச் சொன்னது. ஆனால் குடும்பங்கள் மாறவில்லை. 2023இல் அங்கே பிறப்பு விகிதம் 0.97. இன்று அங்கு உழைப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டவர்.

ஆக, வயதாகும் சமுதாயத்துக்கு வெளியிலிருந்து கைகள் தேவை. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. 2020இல் கோவிட் வந்து எல்லையை மூடியபோது செம்பனைப் பழத்தை வெட்ட ஆளில்லாமல் பழம் மரத்திலேயே அழுகியது. முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் தொழில் ஆகிய மூன்று துறைகளும் ஆளில்லாமல் பல ஆண்டுகள் முறையிட்ட பிறகு, 2023இல் 7,500 அந்நியத் தொழிலாளரை எடுத்துக்கொள்ள அமைச்சரவை அனுமதி தந்தது. மூன்றுமே நம்மவர்கள் காலங்காலமாகச் செய்து வரும் தொழில்கள். கோயில்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குருக்கள், நாதஸ்வரம், தவில், திருப்பணிச் சிற்பி என்று எத்தனையோ பேர் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வருகிறார்கள். அதனால் 'அவர்கள் நமக்கு எதற்கு' என்று நாம் கேட்க முடியாது. வந்தவருக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்றுதான் கேட்க வேண்டும்.

சட்டம் அந்தத் தொழிலாளியை எப்படிப் பார்க்கிறது? பெர்மிட் ஒரு முதலாளியின் பெயரில் வருகிறது. அந்த முதலாளி சரியில்லை என்றால் அவன் தன் விருப்பப்படி வேறு இடத்துக்குப் போக முடியாது. மனைவி பிள்ளைகளை அழைத்து வரக்கூடாது. இங்கே கல்யாணம் செய்யக்கூடாது. வயதான பின் இருக்கவும் கூடாது. சுருக்கமாகச் சொன்னால் நமக்கு அவன் கை வேண்டும். அந்தக் கையோடு ஒட்டிக்கொண்டு வரும் குடும்பம், நோய், ஆசை, முதுமை எதுவும் வேண்டாம்.

இது நமக்குப் புதுக் கதையா? நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தப்பட்டு, பிறகு தோட்டத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்ட நம் முப்பாட்டன்களும் அப்படித்தான் வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. கங்காணி முறை 1938 வரை நடந்தது. ஊரில் முன்பணம் வாங்கினால் அந்தக் கடன் இங்கே வந்து கழுத்தைப் பிடிக்கும். எத்தனை பேரை வேலைக்கு இறக்கினான் என்று பார்த்துக் கங்காணிக்குத் தலைக்காசு கொடுப்பார்கள். கங்காணி இருந்த இடத்தில் இன்று ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறான். ஊரில் நிலத்தை அடகு வைத்து அவனுக்குப் பணம் கட்டிவிட்டு வருபவர்கள் ஏராளம். 2023 டிசம்பரில் ஜொகூர் பெங்கெராங்கில் என்ன நடந்தது? சொன்ன வேலை கிடைக்கவில்லை என்று போலீஸில் புகார் கொடுக்க நடந்து போன 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் வழியிலேயே கைது செய்யப்பட்டார்கள். ஏமாந்தவனே குற்றவாளியாக நின்றான்.

இங்கே சில நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "நல்லாதான் பேசுறீங்க. ஆனா அவங்க குறைஞ்ச சம்பளத்துக்கு வர்றதாலதானே நம்ம பையனுக்குச் சம்பளம் ஏற மாட்டேங்குது?"

இந்தக் கேள்வியை ஒதுக்கக் கூடாது, ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. மலிவான ஆள் கிடைக்கும்வரை முதலாளி இயந்திரம் வாங்க மாட்டார், சம்பளத்தையும் கூட்ட மாட்டார். அந்த அடி பி40 குடும்பத்துப் பிள்ளைகள் மேல்தான் முதலில் விழுகிறது. நம் இளைஞர்கள் விடியற்காலை மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பாலத்தின் அந்தப் பக்கம் அவர்களே அந்நியத் தொழிலாளர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் இதற்குப் பரிகாரம் என்ன? 1941ஐத் திரும்பிப் பாருங்கள். அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது இன்னொன்று. அரசாங்கம் துப்பாக்கியால் பதில் சொன்னது. உயிர்கள் போயின. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

கவனியுங்கள். அன்று 'குறைந்த கூலிக்கு வேலை செய்பவன்' நாம்தான். மற்றவர்களின் சம்பளத்தை அமுக்கி வைக்கப் பயன்பட்ட ஆயுதமும் நாம்தான். அதற்கு நம் முன்னோர் கண்ட பரிகாரம் சமக்கூலி. அது இன்றைக்கும் பொருந்தும். அந்நியத் தொழிலாளிக்கும் அதே சம்பளம், அதே பாதுகாப்பு, அதே சேமநிதி என்றால், மலிவு என்பதற்காக அவனை எடுக்க வேண்டிய அவசியம் முதலாளிக்கு இருக்காது. உண்மையிலேயே ஆள் பற்றாத இடத்துக்கு மட்டும்தான் எடுப்பார். அவனுக்கு நியாயம் கிடைப்பது நம் பிள்ளைக்கும் நல்லது.

நாடு இந்தத் திசையில் கொஞ்சம் நகர்ந்தும் இருக்கிறது. தோட்டத்து வீடுகளுக்காக 1990இல் எழுதப்பட்ட குறைந்தபட்ச வசதிச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு மற்றத் துறைகளின் தொழிலாளர் விடுதிகளுக்கும் விரிந்தது. நம் பாட்டன்மார் லயத்தில் பட்ட பாட்டின் வாரிசுச் சட்டம் இன்று நேப்பாளிக்குக் குடையாக நிற்கிறது. 2025 அக்டோபரிலிருந்து அந்நியத் தொழிலாளருக்கும் சேமநிதி கட்டாயம். ஆனால் முதலாளி கட்டுவது 2 விழுக்காடு. உள்ளூர்த் தொழிலாளருக்குப் பொதுவாக 12 அல்லது 13. இடைவெளி எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

இரண்டாவது பயம் இதைவிட ஆழமானது. "ஏற்கெனவே நாம நூத்துக்கு ஏழு பேர்கூட இல்ல. வெளியாளுங்க கூடிக்கிட்டே போனா நம்ம கதி?" 1957இல் மலாயாவில் நூற்றுக்கு 11 பேர் இந்தியர்கள். சபா, சரவாக் சேர்ந்தது ஒரு காரணம் என்றாலும் நாம் சுருங்கி வருவது உண்மைதான். யாரை நிரந்தரமாகக் குடியமர்த்துவது என்று முடிவு செய்ய ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. வேலைக்கு வந்த எல்லாருக்கும் குடியுரிமை கொடுங்கள் என்று நான் வாதாடவில்லை.

ஆனால் அந்த உரிமை எங்கே கொடுமையாக மாறும் என்பதும் நமக்குத் தெரியும். 1968இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயம் என்று சட்டம் வந்தது. பால் மரம் வெட்டியே கை காய்த்துப்போன ஆயிரக்கணக்கான நம்மவர்கள் அதற்குப் பின் கப்பலேறித் திரும்பிப் போனார்கள். இளமையை வாங்கிக்கொண்ட மண் முதுமைக்கு இடம் தரவில்லை. அந்த வலி எத்தனையோ குடும்பங்களில் இன்றும் பேசப்படுகிறது.

இதுதான் வயதாகும் சமுதாயத்தின் உண்மையான அறச்சிக்கல் என்று நினைக்கிறேன். நாம் இளமையை இறக்குமதி செய்கிறோம். முப்பது வயது முதுகை இங்கே வளைத்து, நாற்பத்தைந்தில் வலியோடு ஊருக்கு அனுப்பி வைக்கிறோம். அந்த முதுகுக்கு மருந்து வாங்கும் செலவு ஜாவாவிலோ சில்ஹெட்டிலோ உள்ள ஓர் ஏழைக் குடும்பத்தின் தலையில். நம் வீட்டு ஆயாவைக் குளிப்பாட்ட ஓர் இந்தோனேசியப் பெண் வருகிறாள். அவளைப் பெற்ற தாயைக் குளிப்பாட்ட யார் இருக்கிறார்? நம் முதுமைப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, அதை நம்மைவிட ஏழையான வீட்டுக்கு மாற்றி அனுப்பியிருக்கிறோம்.

'சம்பளம்தான் கொடுத்தாச்சே' என்று சொல்லலாம். நம் தர்மம் அங்கே கணக்கை முடிப்பதில்லை. ஐந்து யக்ஞங்களில் ஒன்று சக மனிதனுக்குச் செய்ய வேண்டியது. அதைக் கடனாகவே நம் பெரியவர்கள் வைத்தார்கள். கூலி உழைத்த நேரத்துக்கு விலை. உழைத்தவன் மனிதன் என்பதற்கு நாம் தர வேண்டியது தனி. குறைந்தபட்சம் மூன்றைச் சொல்லலாம்: கடனில் மூழ்காமல் வரும் வழி, கொடுமைக்கார முதலாளியை விட்டு விலகும் உரிமை, திரும்பிப் போகும்போது முதுமைக்குக் கொஞ்சம் கைப்பணம்.

இளைஞர்களான நாம் என்ன செய்யலாம்? சட்டம் மாற நாளாகும். வீட்டிலும் கோயிலிலும் நாளைக்கே தொடங்கலாம். கோயில் நிர்வாகத்திடம் மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, தவில் வித்வானோட கடப்பிதழ் யார்கிட்ட இருக்கு? வாரத்துல ஒரு நாளாவது அவருக்கு ஓய்வு உண்டா?" அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அப்பாவின் கடையில் வேலை செய்யும் அண்ணனுக்குச் சம்பளச் சீட்டு கொடுக்கிறார்களா என்று பாருங்கள். அன்னதானத்தில் பந்தியின் கடைசியில் ஒதுங்கி நிற்கும் தொழிலாளியை 'ஏய் பாய்' என்று கூப்பிடாமல் பெயரைக் கேளுங்கள்.

துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று 1941இல் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று நம்மில் சிலர் முதலாளிகள், பலர் மேற்பார்வையாளர்கள். நம் எதிரே வருகிறவன் எதற்காகத் தலை குனிகிறான் என்று கேட்டுப் பார்க்கும் கடமை மற்ற எவரையும்விட நமக்கு அதிகம். உங்கள் அடுத்த இளைஞர் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மாறுபட்ட கருத்து இருந்தால் அதையும் தயங்காமல் பேசுங்கள்.