பிள்ளை வளர்ப்பில் வக்காலத்து செல்லுமா?

எங்கள் மஹல்லாவின் மக்தபில் ஓதும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் தகப்பனார், ஒருநாள் மஃரிபுக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், பையன் பொய் சொல்லப் பழகிவிட்டான். பாடம் ஓதாமலே ஓதிவிட்டேன் என்கிறான். நீங்கள்தான் கண்டித்துத் திருத்த வேண்டும். அவனை உங்கள் பொறுப்பில் விட்டாயிற்றே!" என்றார்.

நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகையாளி. பிள்ளையின் மீது அக்கறை இல்லாதவரல்லர். ஆயினும் "விட்டாயிற்று" என்ற அந்தச் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. பெற்றவரின் பொறுப்பை இன்னொருவரிடம் விட்டுவிட முடியுமா?

மார்க்கத்தில் வக்காலத்துக்கு இடமுண்டு. நமக்காகப் பிறர் ஒரு பொருளை வாங்கலாம், விற்கலாம். நமது ஜகாத்தை உரியவர்களிடம் சேர்ப்பிக்கலாம். நமது குர்பானியை அறுக்கலாம். ஆனால், உங்களுக்காக நான் லுஹர் தொழ முடியாது. பிள்ளை வளர்ப்பு இவற்றில் எந்த வகை?

இரண்டும் அதில் கலந்திருக்கின்றன. அலிஃப், பே கற்பிப்பதையும் மக்ரஜ் திருத்துவதையும் உஸ்தாதிடம் ஒப்படைக்கலாம். ஆனால் உண்மை பேசும் பழக்கத்தைப் பிள்ளை பெற்றோரைப் பார்த்தே கற்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் என்னிடம் இருக்கும் பிள்ளை, மற்ற நேரமெல்லாம் யார் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?

அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) சிறு பிள்ளையாக இருந்தபோது, ஏதோ தருவதாகச் சொல்லித் தாயார் அவர்களை அழைத்தார்கள். அங்கே அமர்ந்திருந்த பெருமானார் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினீர் என்று விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. பிள்ளையைக் கூப்பிட நாம் விளையாட்டாகச் சொல்வதும் கணக்கில் வருகிறது!

"எங்களுக்கு ஓதத் தெரியாதே" என்று சில தாய்மார்களும், "நான் வெளிநாட்டில் இருக்கிறேனே" என்று சில தகப்பன்மார்களும் கேட்கலாம். 31ஆவது அத்தியாயத்தில் லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் செய்த உபதேசத்தைப் பாருங்கள். இணை வைக்காதே, தொழு, பொறுமையாக இரு, பெருமையடித்து நடக்காதே, குரலைத் தாழ்த்து. இவற்றைச் சொல்லவும் செய்து காட்டவும் எழுத்தறிவு வேண்டியதில்லை. தொலைவில் இருப்பவரும், "உனக்கு என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்கும் செல்போனிலேயே, "இன்று என்ன ஓதினாய்?" என்றும் கேட்கலாம்.

இதை எழுதும் நானும் குற்றத்திலிருந்து தப்பியவனல்லன். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துவிட்டுக் களைத்து வீடு திரும்பினால், என் ஐந்து வயது மகள் காயிதாவைத் தூக்கிக்கொண்டு வருவாள். "அம்மாவிடம் போய் ஓது" என்று அனுப்பிவிடுவேன். ஒருநாள் அவள், "அத்தா, நானும் பள்ளிவாசலுக்கே வரட்டுமா? அங்கேதானே நீங்கள் சொல்லிக் கொடுப்பீர்கள்?" என்றாள். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

குர்பானி அறுக்க வேறொருவரை நியமித்தாலும், அறுக்கும்போது உடன் நின்று பார்ப்பது விரும்பத்தக்கது என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஓர் ஆட்டின் விஷயத்திலேயே இப்படியென்றால், பெற்ற பிள்ளையின் விஷயத்தில் எப்படி இருக்க வேண்டும்?

அன்று அந்தச் சகோதரரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "பாய், பையனின் காயிதாவைத் திறந்து, இன்று எந்தப் பாடம் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?" அவர் மௌனமாக இருந்தார். யாரும் பார்க்காத பாடத்தை ஓதியதாகச் சொல்வது அந்தப் பிள்ளைக்கு எளிதாகிவிட்டது.

மறுவாரம் அவர் மகனுடன் வந்தார். பாடம் முடியும்வரை பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பையன் அன்று தடுமாறித்தான் ஓதினான்; ஆனால் ஓதினான்.

உஸ்தாதுக்குச் சம்பளம் கொடுப்பதோடு நமது கடமை முடிந்துவிடுவதில்லை. மறுமையில் பிள்ளையைப் பற்றிய கேள்வி உஸ்தாதுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. நம் மக்களோடு அமர்ந்து, அவர்களுக்கு நல்ல முன்மாதிரியாக வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.