நான்காம் வார்த்தை

நான் கண்ணை மூடி ஜெபிப்பதில்லை. ஆலயத்தில் எல்லோரும் தலைகுனிந்திருக்கும் நேரத்தில் என் கண் மட்டும் திறந்தே இருக்கும். முன் பெஞ்சின் முதுகுப்பலகை, அதில் எந்தப் பிள்ளையோ காம்பஸ் முனையால் கீறிய பெயர், பக்கத்தில் நிற்பவரின் கை, அவருக்கு அப்பால் நிற்பவரின் கை. எந்தக் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் என்னால் அங்கே நிற்க முடியும். எனக்கு 52 வயதாகிறது. மனைவியைத் தவிர வேறு யாருக்கும் இது நெடுங்காலம் தெரியாது.

1980-களின் தொடக்கம். திருச்செந்தூருக்கு மேற்கே, செம்மண் தேரியை ஒட்டிய ஓர் ஊர். சுற்றிலும் பனையும் கொல்லாமரமும், நடுவில் ஆலயம். அப்பா வாத்தியார். சேகரக் கமிட்டியில் இருந்தார், ஓய்வுநாள் பள்ளி நடத்தினார், பாடகர் குழுவில் அவர் குரல் தனியாகக் கேட்கும். குடிக்கமாட்டார். வெற்றிலைகூடப் போடமாட்டார். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிள்ளையை அடித்து நொறுக்கும் தகப்பன் என்றதும் நம் மனதில் ஒரு குடிகாரன்தான் வந்து நிற்கிறான். அவர் அப்படி இருந்திருந்தால் யாராவது குறுக்கே வந்திருப்பார்கள் என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன். அப்பா தெருவில் வந்தால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள்.

ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். பாய் விரித்து உட்காருவோம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அன்றைய மனப்பாட வசனம். வசனத்தில் ஒரு சொல் தவறினாலும் உடனே ஒன்றும் நடக்காது. அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார். பிறகு எல்லோரும் முழங்காற்படியிடுவோம். அவர் ஜெபிப்பார். நீண்ட, அழகான ஜெபம். அயலார், நோயாளிகள், விதவைகள் எல்லோருக்காகவும் மன்றாடுவார். ஆமென் சொன்னதும் கதவுக்குப் பின்னால் இருக்கும் பனைமட்டையை எடுக்க எழுந்திருப்பார். சில நாட்களில் ஆமென்வரை பொறுக்கமாட்டார். குனிந்திருக்கும் பிடரியில் கை வந்து விழும். கண்ணை மூடியிருந்தால் அது வருவது தெரியாது. கண் திறந்து ஜெபிக்க நான் கற்றுக்கொண்டது அந்தப் பாயில்தான்.

ஒன்பது வயதில் இடது முன்கை எலும்பு முறிந்தது. கட்டுப் போடும் வைத்தியரிடம், கொல்லாமரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். வைத்தியர் என் முகத்தைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு எண்ணெய் சூடாக்க உள்ளே போனார். இன்றைய பிள்ளைக்கு உதவி கேட்டுக் கூப்பிட 1098 என்று ஓர் எண் இருக்கிறது. எனக்கு இருந்தது, தேரிக்குப் போகும் வழியில் ஒரு விடிலி.

பனையேறும் குடும்பத்து ஆச்சி ஒருத்தி அங்கே பதநீர் காய்ச்சிக்கொண்டிருப்பாள். கை கட்டோடு போய் நின்றால், "வால, இப்படி இரி" என்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். கூப்பதநீரை ஓலைப்பட்டையில் ஊற்றித் தருவாள். துடுப்பால் கிண்டிக்கொண்டே ஆண்டவரோடு பேச ஆரம்பிப்பாள். அது நான் வீட்டில் கேட்ட ஜெபம்போல இருக்காது. "ஏன் ஆண்டவரே, இந்தப் பயலப் பாத்துக்கிட்டு சும்மாதான இருக்கீரு? ஒமக்குக் கண்ணு இல்லியா?" என்று நேராகவே கேட்பாள். எனக்குத் தூக்கிவாரிப்போடும். ஆண்டவர் கோபப்பட்டு அவளை ஏதாவது செய்துவிடுவாரோ என்று பயந்து, புகைக்கு நடுவே கூரையைப் பார்ப்பேன். ஒன்றும் நடக்காது. பாகு கொதித்துக்கொண்டிருக்கும். ஆச்சி மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். அந்த விடிலியில் நான் பார்த்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரிய எனக்கு முப்பது வருடம் ஆனது.

எங்கள் வேதாகமத் தமிழில் கடவுளுக்குப் 'பிதா' என்று பெயர். பிரசங்கிமார் அதை விளக்கும்போது, இயேசு கெத்செமனே தோட்டத்தில் அழைத்த அரமேயச் சொல்லும் நம் 'அப்பா'வும் ஒரே ஒலிதான் என்று நெகிழ்ந்து சொல்வார்கள். சபை உருகும். எனக்கு வயிற்றைப் பிசையும். கர்த்தருடைய ஜெபத்தில் அந்தச் சொல் வரும் இடத்தில் வாயை மட்டும் அசைத்து, அடுத்த சொல்லில் வந்து சேர்ந்துகொள்வேன். 23-ஆம் சங்கீதத்தில் மேய்ப்பனுடைய கோலும் தடியும் ஆறுதல் தரும் என்று வருகிறது. அதை ஒப்பிக்கும்போதெல்லாம் என் கண் கதவுக்குப் பின்னால் போய்வரும். தாய் தகப்பனைக் கனம்பண்ணும் கட்டளையும், பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் 6-ஆம் அதிகாரம் தொடங்குவதும் எங்கள் வீட்டில் வாரந்தோறும் வாசிக்கப்பட்டன. அதே அதிகாரத்தின் நாலாம் வசனம் தகப்பன்மாரைப் பார்த்துப் பேசுகிறது; பிள்ளைகளைக் கோபமூட்டாதிருக்கச் சொல்கிறது. அப்பா ஒருநாளும் அந்த வசனத்தில் நின்றதில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. வேதத்தை முழுக்க வாசித்திருந்தால் அந்த வீட்டில் பாதி அடி விழுந்திருக்காது.

பாளையங்கோட்டையில் கல்லூரி, பிறகு சென்னையில் வேலை. ஆலயத்துக்குப் போவதை விட்டேன். கல்யாணம் ஆனது, மகன் பிறந்தான். அவனுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒருநாள், நான் எழுதி வைத்திருந்த கணக்குத் தாள்களின் மேல் பாலைக் கொட்டிவிட்டான். என் கை தானாகவே மேலே போனது. அவன் அழவில்லை, ஓடவும் இல்லை. கண்ணை அகல விரித்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. கையை இறக்கி, பாலைத் துடைத்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே மனநல ஆலோசகர் ஒருவரைத் தேடிப் போனேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் அவரிடம் போய்வந்தேன். என் பிடரியும் தோளும் எப்போதும் இறுகியிருப்பதற்கும், கதவு அடித்துச் சாத்தினால் வியர்ப்பதற்கும் பெயர் உண்டு, காரணம் உண்டு என்று அவர்தான் சொன்னார். அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் 1998-ல் முதன்முதலாக வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் சொன்னார். கலிபோர்னியாவில், இரண்டு சுற்றாக 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்: அடி வாங்கினாயா, ஏச்சுக் கேட்டாயா, தாய் அடிபடுவதைப் பார்த்தாயா. ஆம் என்ற பதில்கள் கூடக்கூட, நடுவயதில் மனச்சோர்வும் இதய நோயும்கூட ஏறிக்கொண்டே போயிருக்கின்றன. நம் நாட்டிலும் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு பிள்ளைகள் அடி வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆறுதலும் வந்தது, அழுகையும் வந்தது. என் வீட்டுக்கு மட்டும் நேர்ந்தது என்று நான் ஒளித்து வைத்திருந்தது ஒவ்வொரு தெருவிலும் இருந்திருக்கிறது. எல்லோரும் கொல்லாமரத்திலிருந்து விழுந்துகொண்டே இருந்திருக்கிறோம்.

ஆலோசகர் என் உடம்பைப் புரியவைத்தார். அவருக்கு நான் கடன்பட்டவன். விசுவாசம் இருந்தால் மருத்துவம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஆனால் அவரும் தொட முடியாத ஓர் இடம் இருந்தது. என்னை அடித்த கை தேவனுடைய பெயரால்தான் அடித்தது. அந்தக் கணக்கைத் தேவனிடம்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

மனைவியின் வற்புறுத்தலில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்து ஏதோ பாரம் இருக்கிறது என்று ஊகித்த ஒருவர், நல்ல மனதோடுதான், பின்னாலிருந்து வந்து என் தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார். செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். விஷயம் தெரிந்த சிலர் உடனே மன்னித்துவிடச் சொன்னார்கள். மன்னித்து, வந்து சாட்சி சொல்லுங்கள், பலருக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்றார்கள்.

சாட்சி என்பதன் வடிவம் சபையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். முதலில் இருள், பிறகு ஒரு தேதி, அதன்பின் வெளிச்சம். கேட்பவர்கள் தோத்திரம் சொல்வார்கள். அப்படித் தேதி குறிக்க முடிந்தவர்களை நான் நம்புகிறேன், அவர்களுக்காகச் சந்தோஷப்படுகிறேன். என்னிடம் அந்தத் தேதி இல்லை. ஆறாத புண்ணை ஆறியதாகச் சொன்னால், மறுபடியும் வைத்தியர் முன்னால் நின்று கொல்லாமரம் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். அதை ஆலயத்துக்குள் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

2011, ஏப்ரல் 22. பெரிய வெள்ளி. மனைவிக்குத் துணையாகத்தான் போனேன். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தியானிக்கும் ஆராதனை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நிலநடுக்கத்தில் இடிந்துபோயிருந்த பெரு நாட்டு லிமா நகரில் ஒரு குரு தொடங்கிய வழக்கம் இது. வெயிலில் ஆலயத்தின் ஓடுகள் காய்ந்துகொண்டிருந்தன. எங்கும் வெள்ளை உடுப்பு.

பள்ளம் இருக்கும் இடம் தெரிந்தவன் அதைத் தாண்டக் காலைத் தயார்செய்வதுபோல, 'பிதா' என்ற சொல் எங்கே வரும் என்று எப்போதும் எதிர்பார்த்தே இருப்பவன் நான். முதல் வார்த்தையிலேயே அது வந்தது. தோளை இறுக்கிக்கொண்டேன். இரண்டாவது, கள்ளனுக்குச் சொன்னது. மூன்றாவது, தாய்க்கும் சீஷனுக்கும். நான்காவது வந்தது. கைவிடப்பட்டவனின் கூக்குரல். அது 22-ஆம் சங்கீதத்தின் தொடக்கம். நான் இறுக்கிய தோளோடு காத்திருந்தேன். அந்தச் சொல் வரவில்லை. அவர் 'தேவனே' என்றுதான் கூப்பிடுகிறார்.

முந்தின ராத்திரி தோட்டத்தில் 'அப்பா' என்று அழைத்தவர். அன்று காலை ஆணி அடித்தவர்களுக்காகப் பேசும்போதும் 'பிதாவே' என்றவர். அடியெல்லாம் வாங்கி, இருள் மூடிய அந்த மூன்று மணி நேரத்தின் முடிவில், அந்தச் சொல் அவர் வாயிலும் வரவில்லை. ஏன் என்று மட்டும் கேட்கிறார். மேலேயிருந்து பதில் வந்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

முதல் வார்த்தையை எழுதியவர் லூக்கா, நான்காவதை எழுதியவர்கள் மத்தேயுவும் மாற்கும். இரண்டையும் இப்படிச் சேர்த்து வைத்துப் பேசலாமா என்று வேதம் முறையாகப் படித்தவர்கள் கேட்கலாம். கேட்கட்டும். சபை இந்த ஏழையும் ஒரே சிலுவையில் கோத்துத்தான் என் கையில் தந்தது. அதில் நான்காவது எனக்காகவே இத்தனை காலம் அங்கே இருந்திருக்கிறது. நான் வாயை அசைத்து ஏமாற்றிய இடத்தில் அவரும் ஒருமுறை நின்றிருக்கிறார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். விடிலியும் புகையும் ஆச்சியின் குரலும் ஒன்றாக வந்தன. ஒமக்குக் கண்ணு இல்லியா என்று அவள் கேட்டதும் ஜெபம்தான். என் வீட்டுப் பாயில் கேட்ட அழகான ஜெபங்களைவிட உண்மையான ஜெபம்.

அன்றிலிருந்து நான் சண்டை போட ஆரம்பித்தேன். மின்சார ரயிலில், மொட்டைமாடியில், ராத்திரி இரண்டு மணிக்கு. உம்மைப் பிதா என்று என்னால் கூப்பிட முடியாது, உம்முடைய புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என்னை இப்படிச் செய்தபோது எங்கே போயிருந்தீர் என்று கேட்டேன். 88-ஆம் சங்கீதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். முடிவில் ஒரு துதிகூட இல்லாத சங்கீதம் அது. அழுதுகொண்டே தொடங்கி அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. எந்தக் குரலும் எனக்குக் கேட்கவில்லை. அடியும் விழவில்லை. இத்தனையும் பேசிய பிறகும் அடி விழாத ஒரு சந்நிதி இருக்கிறது என்பது, மழைத்தண்ணீர் தேரி மணலில் இறங்குவதுபோல மெதுவாக உள்ளே இறங்கியது. ஒரு நாள் முடிவெட்டுகிறவர் பிடரியில் கத்தி வைத்தபோது, நான் இறுகாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். இன்னொரு நாள் மகன் விளையாட்டாகப் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான், எனக்குத் தூக்கிவாரிப்போடவில்லை. குணமாவது என்றால் என் விஷயத்தில் இவைதான்.

2016-ல் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். நாலு மாதம் படுக்கையில் கிடந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் நான்தான் முகம் மழித்து விடுவேன். செயலிழந்த வலது கை என் மடியில் கிடக்கும். அந்தக் கை. நகம் வெட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார், வாய் குழறும். அவர் எதையாவது சொல்ல முயன்றாரா, வெறுமனே தண்ணீர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டார் என்று எழுத ஆசையாக இருக்கிறது, அப்படி நடக்கவில்லை. நான் மன்னித்தேனா என்று கேட்டால், முதல் வார்த்தையைத்தான் பார்க்கிறேன். அங்கே அவரும் நான் மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை, மன்னிக்கும்படி பிதாவிடம் கேட்கிறார். நானும் அப்படித்தான் ஒப்படைத்தேன். என்னால் ஆனது நகம் வெட்டுவதும் முகம் மழிப்பதும்தான்.

போன வருடம் பெரிய வெள்ளிக்கு எங்கள் சபையில் ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேசுவதென்று ஏற்பாடு. போதகர் ஐயர் என்னிடம் வந்து, "அண்ணன், நீங்க ஒண்ணு எடுத்துக்கிடுங்க" என்றார். நான்காவதைக் கேட்டு வாங்கினேன். பத்து நிமிடம் பேசினேன். பாய், பனைமட்டை, விடிலி, நான் சொல்லாமல் விடும் சொல், எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றி கிடைத்தது என்று முடிக்கவில்லை. யாரும் தோத்திரம் சொல்லவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஜெபிப்போம் என்றார் ஐயர். எல்லாத் தலையும் குனிந்தது. நான் வழக்கம்போலக் கண் திறந்து நின்றேன். பெண்கள் பக்கத்தில் ஆறாவது வரிசையில், வெள்ளைச் சேலையில் ஓர் அம்மாள், எழுபது வயதுக்கு மேலிருக்கும். அவர் கண்ணும் திறந்திருந்தது. பக்கத்திலிருந்த கைகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர், என்னைப் பார்த்தார். ஐயர் ஆமென் சொல்லும்வரை நாங்கள் இருவரும் பார்வையைத் தாழ்த்தவில்லை.