கிருமியின் மாற்றமும் நம் பொறுப்பும்

மட்டாஞ்சேரியில், பஜார் வீதிக்கு அருகே வாடகை அறையொன்றில் பிறரோடு தங்கியிருக்கும் தொழிலாளி ஒருவர், தம் மாத்திரைகளைத் துணிப்பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தார். அவை எச்.ஐ.வி. கிருமிக்கு உரியவை. கண்டோர் தம்மை அறையினின்று வெளியேற்றுவர் என்றஞ்சி, உடன் ஆள் இருக்கும் இரவுகளில் அவற்றை உண்ணாது விட்டார். ஓராண்டு சென்றபின், கிருமி மாறிவிட்டது, பழைய மருந்து இனிப் பயன்படாது என்று மருத்துவர் தெரிவித்தார். அவர் என்னிடம் வந்து, "ஐயா, இது நான் செய்த வினைதானா?" என்று வினவினார்.

விடை கூறுமுன், கிருமி மாறும் விதத்தை அறிதல் வேண்டும். முற்காலத்தில் ஓலைச்சுவடி பெயர்த்தெழுதுவோர் ஓரெழுத்தைப் பிழைபட எழுதின், அப்பிழை அடுத்த சுவடியிலும் ஏறும். பாடபேதங்கள் பல இவ்வாறே தோன்றின. எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த எழுத்துக்களால் ஆயது. அதனைப் பெயர்த்தெழுதும் நொதிக்குப் பிழை திருத்தும் திறமில்லை. மருந்துண்ணாத உடலிலோ நாள்தோறும் பல நூறு கோடிக் கிருமிகள் புதியனவாய்த் தோன்றுகின்றன. பிழைகளுட் பெரும்பாலானவை கிருமிக்கே கேடாகும். ஏதோ ஒன்று மட்டும் மருந்துக்குத் தப்பும் உருவத்தைத் தந்துவிடும்.

மருந்து முறையாக இருப்பின் பெருக்கம் அடங்கும். பெருக்கம் அடங்கின் பெயர்ப்பில்லை, பெயர்ப்பின்றேல் பிழையில்லை. மருந்து குறைந்து நிற்கும் நாட்களிலோ ஏனையவை மடிய, தப்பிய உருவம் பெருகிவிடும். 1987-இல் முதல் மருந்து தனியே வழங்கப்பட்டபோது கிருமி அதனை விரைவில் வென்றது. மூன்று மருந்துகளுக்கும் ஒருங்கே தப்பும் பிழை மிக அரிதாதலின், 1996 முதல் மூன்றையும் சேர்த்தளிக்கும் முறை பரவிற்று.

இது நோயாளி ஒருவரோடு நிற்கும் செய்தியன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எச்.ஐ.வி. அடங்காதிருந்த ஒரு பெண்மணியின் உடலில் கொரோனா கிருமி 216 நாட்கள் தங்கி, முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்களை அடைந்ததை ஆய்வாளர் 2021-இல் வெளியிட்டனர். எச்.ஐ.வி.க்குத் தக்க மருந்து மாற்றியளித்தபின் கொரோனாவும் நீங்கிற்று. ஒருவருக்கு உற்ற மருந்து கிடையாமை உலகத்தார் அனைவருக்கும் கவலையாதல் இதனால் விளங்கும்.

நிற்க. "கிருமி தந்திரம் செய்கிறது" என்கிறோம். அது வெறும் வழக்குச் சொல். அதற்கு நினைவுமில்லை, நோக்கமுமில்லை. காரணம் கூடியவிடத்துக் காரியம் நிகழ்கிறது. எண்ணத்தோடு கூடியதே வினை என்பது பகவன் புத்தரின் போதனை. ஆகவே கிருமிக்கு வினையில்லை. அத்தொழிலாளிக்கோ? மருந்தை விட்டது தவறே. ஆயினும் அவர் எண்ணியது கிருமியை வளர்ப்பதன்று, தலைக்குமேல் உள்ள கூரையைக் காப்பது. அவரை அவ்வாறு அஞ்சவைத்த இகழ்ச்சியோ எண்ணத்தோடு கூடியது. அது நம்முடையது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இந்நோயைத் தீயொழுக்கத்தின் பயன் என்று யானும் மேடைகளிற் பேசியதுண்டு. அப்பேச்சுகளில் ஒன்றை அவர் கேட்டிருந்தார். அவர் மாத்திரையை ஒளித்ததற்குரிய காரணங்களுள் என் நாவும் ஒன்று.

அச்சமூட்டினால் அன்றோ பிறர் திருந்துவர் என்பார் சிலர். அச்சம் ஒழுக்கத்தைத் தந்ததோ இல்லையோ, மருந்தை ஒளிக்கச் செய்ததைக் கண்ணாரக் கண்டேன். முறையாக மருந்துண்டு, சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமியை அடக்கி வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியே அது பரவுவதில்லை என்பது இன்று தெளிவு. எனவே பிறரைக் காப்பதும் மருந்தே, அச்சமன்று.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் நம் நாட்டில் இக்கிருமியை முதன்முதல் கண்டறிந்தனர். 2004 முதல் அரசு மருந்தை இலவசமாக அளித்து வருகிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு வீடு வாடகைக்குத் தருவதிலும் இந்நோயரை வேறுபடுத்தலாகாது என விதிக்கிறது. அறிவும் மருந்தும் சட்டமும் வந்துவிட்டன. எஞ்சியது நம் மனம்.

பிக்குகள் கைவிட்ட நோயுற்ற பிக்கு ஒருவரைப் புத்தர் தம் கையால் நீராட்டினார் என்பது விநய நூல் கூறும் வரலாறு. அந்நோய் எவ்வினையால் வந்தது என்று அவர் ஆராயவில்லை. பணிவிடை செய்வார் உளரோ என்றே கேட்டார்.

நண்பருக்கு நான் கூறிய விடை இது: "ஐயா, மருந்தை விட்டது உம் பிழை, விடச் செய்தது எங்கள் பிழை. இரண்டையும் இன்றே திருத்துவோம்." அவர் புதிய மருந்தைத் தொடங்கியுள்ளார். நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, ஒளிக்காமல் உண்டு செல்கிறார்.