பிறருக்கு வேலை தேடும் வேலை



மாலைத் திரிகால செபத்திற்கு மணி அடிக்கும் வேளையில், நம் வீடுகள் சிலவற்றில் பிள்ளைகள் வேலைக்குப் புறப்படுகிறார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை 9 மணி ஆகும்போது, நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அந்நாட்டுக் கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் ஏஜென்சிகள் சென்னையிலும் நடப்பதால், இப்பிள்ளைகளுக்கு இரவே பகலாயிற்று. "உட்கார்ந்து போன் பேசுவதுதானே!" என்று பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அவ்வளவு இலேசானதல்ல.

ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டுமென்றால், அச்செய்தி ஒரே சமயத்தில் பல ஏஜென்சிகளுக்குப் போகிறது. தகுந்த ஆளை முந்தி அனுப்புகிறவனுக்கே பலன். ஆகவே நாளுக்கு இத்தனை பேரை அழைக்க வேண்டும், வாரத்துக்கு இத்தனை பேரை அனுப்ப வேண்டும், மாதத்துக்கு இத்தனை பேர் சேர வேண்டும் என்று கணக்கு. சேர்ந்தவன் குறித்த நாளுக்குள் விலகினால், அந்தப் பாரமும் தேடித் தந்தவன் தலையில் விழும். மாதம் பிறந்தால் பழைய உழைப்பெல்லாம் மறக்கப்படும்.

இந்த நெருக்கடியில்தான் பசாசு வாசலைத் தட்டுகிறது. இரண்டு வருட அனுபவத்தை ஐந்தென்று எழுதச் சொல்கிறது. ஒருவனுடைய சம்மதம் கேளாமலே அவன் பெயரை அனுப்பச் சொல்கிறது. இப்படி ஒரே பெயர் இரண்டு ஏஜென்சிகள் வழியாகப் போனால், கம்பெனி அவனையே தள்ளிவிடுவதுண்டு. எட்டாம் கற்பனை இரவு வேலைக்கும் உண்டு, பிள்ளைகளே!

ஓர் இளைஞன் என்னிடம் சொன்னதை அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். வேலையிழந்த ஒருவருக்கு, "நாளை தகவல் சொல்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தான். கம்பெனி அவரை வேண்டாமென்றது, இவனும் மறந்தான். இரண்டு வாரம் சென்று வேறொரு வேலைக்காக அவரை அழைத்தபோது, "உங்கள் அழைப்புக்காகத்தான் காத்திருந்தேன்" என்றார் அவர். அன்றிரவு இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதுமுதல், வேலை கிடையாதவர்களையும் அழைத்துச் சொல்லிவிடுகிறான். அதனால் கணக்கு குறைந்தது, மேலதிகாரியிடம் ஏச்சும் கேட்டான். இன்னும் விடவில்லை.

அர்ச். மத்தேயு சுவிசேஷம் 20-ம் அதிகாரத்தில், திராட்சத் தோட்டத்து எசமான் தானே ஐந்து தடவை கடைத்தெருவுக்குப் போகிறார். பொழுது சாயும் நேரத்திலும், சும்மா நிற்கிறவர்களிடம் காரணம் கேட்கிறார். தங்களை ஒருவரும் அழைக்கவில்லை என்ற அவர்களுடைய துக்கத்தையும் கேட்டுக்கொள்கிறார். ஆள் எடுப்பதென்றால் இதுவே. லாபத்துக்காக மனிதரைப் பொருளைப்போல் நடத்துவது வெட்கக்கேடு என்று 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ம் ஆண்டிலேயே போதித்தார்.

பெற்றோர்களே, விடியற்காலையில் வரும் பிள்ளையிடம், "இந்த மாதம் எத்தனை பேர்?" என்று கேளாதீர்கள். அதை அலுவலகமே போதுமானமட்டும் கேட்டிருக்கும். சாப்பாடு போட்டு, சத்தமின்றித் தூங்க விடுங்கள். மேலதிகாரிகளாக இருப்பவர்களே, உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருபுறமும் ஆத்துமங்கள் உண்டென்பதை நினைவில் வையுங்கள். இளைஞர்களே, உங்கள் வெள்ளிக்கிழமை வேலை சனி விடியுமுன் முடிகிறது. ஞாயிறு பூசைக்கு அமெரிக்கா குறுக்கே நிற்கவில்லை!

12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1955-ம் ஆண்டில் மே 1-ந் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். வேலை தேடுவோரையும், அவர்களுக்காகத் தேடுவோரையும் அவர் ஆதரவில் ஒப்படைப்போம்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு